கோட் திறந்திருக்கிறது, அதனால் பாதுகாப்பு: இது நிற்கிற வாதமா?

உவர்மலையான்:
திருகோணமலை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு பில் போடும் மென்பொருளை மாற்ற வேண்டும். மென்பொருளை எழுதிய வரிகளை, அதாவது கோடை, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ்தான் போடலாம் என்று மூன்று பேர் போய் நின்றோம். கூட வந்தவன், "இதன் கோடை உலகமே பார்க்குது ஐயா, உலகத்தின் வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டரும் லினக்ஸ் என்கிற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடுது" என்று அடித்துவிட்டான். முதலாளி சீமெந்து பில்லிலிருந்து தலையை நிமிர்த்தி, "நீங்கள் பார்த்தீங்களா தம்பி?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் ஓப்பன் சோர்ஸ் பிடிக்கும், ஆனால் நாம் சொல்கிற காரணங்கள் நிற்குமா?

கணக்குப்பிள்ளை:
நிற்காது. கிணறு திறந்து கிடக்கிறது என்பதற்காக யாரோ இறங்கித் தூர் வாரினார்கள் என்று ஆகிவிடுமா? ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை 2012 மார்ச்சில், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.1 பதிப்போடு வெளிவந்தது, 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. லினக்ஸில் கட்டளைகளைத் தட்டி ஓட்டும் பாஷ் மென்பொருளில் இருந்த ஷெல்ஷாக் ஓட்டை 1989இலிருந்து 2014 வரை அப்படியே கிடந்தது. கோட் முழுக்கத் திறந்துதான் இருந்தது. சூப்பர் கம்ப்யூட்டர் கதையை விடுங்கள், அங்கே லினக்ஸைப் பார்ப்பதற்கென்றே ஆள் இருக்கிறது.

நிலாவெளிக் காத்து:
அப்போ கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருள்? 2024 மார்ச்சில் தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி பிந்துகிறதே என்று ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தேடி, எக்ஸ்இசட்டுக்குள் களவாக நுழைய ஒளித்து வைத்த பின்கதவையே பிடித்தாரே. திறந்திருந்தபடியால்தானே!

கணக்குப்பிள்ளை:
இங்கேதான் சறுக்குகிறீர்கள். நம் பக்கம் ஓட்டை பிடிபட்டால் அது ஓப்பன் சோர்ஸின் வெற்றி, விண்டோஸில் பிடிபட்டால் மூடி வைத்ததன் தோல்வி. எது நடந்தாலும் நாமே ஜெயிப்போம் என்றால் அது என்ன வாதம்? அதோடு அவர் கோடை வாசித்துச் சந்தேகப்படவில்லை, வேகம் குறைந்ததைப் பார்த்துத்தான் தேடப் போனார். பின்கதவைக் கிளப்பிவிடும் வரி, வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் டார் கோப்பில் மட்டும் இருந்தது, எல்லோரும் கோடைப் பார்க்கும் கிட் (Git) களஞ்சியத்தில் இல்லை. சரி, தேடத் தொடங்கிய பிறகு உள்ளே தோண்ட முடிந்ததே, அதற்குத் திறந்திருந்தது உதவியது, அதை நானும் மறுக்கவில்லை.

மூதூர்க்காரி:
தம்பி, முதலாளியிடம் பாதுகாப்புக் கதையே வேண்டாம். எங்கள் கடைக்கு பில் மென்பொருள் எழுதித் தந்தவர் கனடா போய்விட்டார். கடன் கணக்கெல்லாம் அதற்குள், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அவரிடம், போன் எடுத்தால் பதில் இல்லை. கடைசியில் ஒரு பிள்ளையை வைத்து திரையைப் பார்த்துப் பார்த்து எக்செலில் தட்டினோம், அதிலும் பாதிப் பேரின் பாக்கி பிழையாகிப் போனது. கோடும் டேட்டாபேஸும் நம் கையில் இருந்தால் இன்னொரு ஆளைப் பிடிக்கலாம், அதை மட்டும் சொல்லுங்கள். இலவசம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிறகு இரவு எட்டு மணிக்கு பிரின்டர் நின்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார், காசும் கேட்க முடியாது.

உவர்மலையான்:
நன்றி அக்கா. பேக்கப்பை அவருடைய பென் டிரைவிலேயே போட்டு, வேறு லேப்டாப்பில் திறந்து காட்டப் போகிறேன். பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு கேட்கலாம்?