லைப்ரரியின் லாக் கோப்பைக் கிட்டில் சேர்க்கலாமா?

கேள்வி

வணக்கம். ரஸ்டில் ஒரு சிறு லைப்ரரியையும், ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு இணையான இன்னொன்றையும் பராமரித்து வருகிறேன். செயலி என்றால் லாக் கோப்பை, அதாவது திட்டம் சார்ந்திருக்கும் பிற பேக்கேஜ்களின் (சார்புகளின்) துல்லியமான பதிப்புகளைப் பதிந்து வைக்கும் கோப்பை, கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. லைப்ரரிக்குச் சேர்க்கக் கூடாது என்று பழைய வழிகாட்டிகளும், சேர்க்கலாம் என்று புதியவையும் சொல்கின்றன. சேர்த்தால், என் லைப்ரரியைப் பயன்படுத்துவோரும் நான் பூட்டிய பதிப்புகளிலேயே சிக்கிக்கொள்வார்களா?

மறுமொழி 1

சிக்கிக்கொள்ள மாட்டார்கள். ரஸ்டின் பேக்கேஜ் மேலாளரான கார்கோ, தான் கட்டுகிற திட்டத்தின் சொந்த லாக் கோப்பை மட்டுமே பார்க்கிறது. சார்புகளின் லாக் கோப்புகளைப் பொருட்படுத்துவதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் பேக்கேஜ் மேலாளரான என்பிஎம்மில், நீங்கள் வெளியிடும் பேக்கேஜுக்குள் அதன் லாக் கோப்பான பேக்கேஜ்-லாக் இடம்பெறுவதே இல்லை. (ஷ்ரிங்க்ராப் என்னும் இன்னொரு வகை லாக் கோப்பு மட்டும் விதிவிலக்கு, அது வெளியீட்டோடு சேர்ந்து போய் நிறுவுவோரையும் கட்டுப்படுத்தும் என்பதால், லைப்ரரியில் அதை வைக்காதீர்கள்.)

பயனர்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் எழுதும் பதிப்பு வரம்புதான். இரு மொழிகளிலும் வேலை செய்பவர் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: வெறுமனே 1.2.3 என்று எழுதினால், கார்கோ அதை 1.2.3 முதல் 2.0.0-க்கு முன்புவரை உள்ள எதையும் ஏற்கலாம் என்று கொள்கிறது. என்பிஎம்மோ அந்த ஒரே பதிப்புதான் வேண்டும் என்று கொள்கிறது.

கார்கோ குழுவும் 2023-இல் தன் பழைய பரிந்துரையைக் கைவிட்டு, முடிவைத் திட்டத்தின் பொறுப்பிலேயே விட்டுவிட்டது.

மறுமொழி 2

மேலே உள்ளவை சரிதான். ஆனால் லாக் கோப்பைச் சேர்த்த பிறகு வரும் சிக்கலையும் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் சிஐ சோதனைகள் (நிரலை மாற்றும்போது தானாக ஓடுபவை) எப்போதும் பூட்டிய பதிப்புகளோடு ஓடி வெற்றி பெறும். பயனருக்கோ அன்றைய புதிய பதிப்புகள் இறங்கும். ஆகவே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பூட்டிய பதிப்புகளோடு ஒரு சோதனை (கார்கோவில் கட்டளையோடு சேர்க்கும் லாக்டு என்னும் கொடி, என்பிஎம்மில் சிஐ கட்டளை), அதற்குப் புறம்பாக நாள்தோறும் சார்புகளைப் புதுப்பித்துவிட்டு இன்னொரு சோதனை என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் மறப்பது கீழ் வரம்பு. 1.2 போதும் என்று அறிவித்துவிட்டு, 1.5-இல் வந்த ஃபங்ஷனை அழைத்திருப்போம். லாக் கோப்பில் 1.7 இருக்கும்வரை எந்தச் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. பழைய லாக் கோப்போடு 1.3-இல் நிற்கும் ஒரு பயனரிடம்தான் அது உடையும். ரஸ்டின் நைட்லியில் (நாள்தோறும் வெளியாகும் சோதனைப் பதிப்பில்) நேரடிச் சார்புகளின் குறைந்தபட்சப் பதிப்புகளை மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்யும் வசதி உண்டு. வெளியீட்டுக்கு முன் அதை ஒருமுறையாவது ஓட்டுவது என் பார்வையில் கட்டாயம்.

மறுமொழி 3

ஒப்பீட்டுக்காக: கோ மொழியில் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. சார்புகள் அறிவித்த குறைந்தபட்சப் பதிப்புகளுள் உயர்ந்ததையே அது தேர்ந்தெடுப்பதால், யாரும் கேட்காமல் புதிய வெளியீடு உள்ளே நுழையாது. கோ.சம் கோப்பை லாக் கோப்பு என்று எண்ண வேண்டாம். அதில் இருப்பவை சரிபார்ப்புக்கான ஹாஷ்கள் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீடுகள்) மட்டுமே.

கேட்டவர்

நன்றி. இரண்டிலும் லாக் கோப்பைச் சேர்த்துவிட்டு, கீழ் வரம்புச் சோதனையை ரஸ்டிலிருந்து தொடங்குகிறேன். என்பிஎம்மில் அதற்கு நிகரான கொடி உண்டா?

மறுமொழி 2

இல்லை. ஒவ்வொரு சார்பின் கீழ் வரம்பையும் துல்லியமான பதிப்பாக எழுதிய தற்காலிகப் பேக்கேஜ்.ஜேசன் (என்பிஎம்மில் சார்புகளை அறிவிக்கும் கோப்பு) ஒன்றைச் சிறு ஸ்கிரிப்ட் மூலம் உருவாக்கி, லாக் கோப்பு இல்லாத தனி அடைவில் நிறுவிச் சோதியுங்கள்.