இரவில் கார் சோதனை, 21 கிலோ கஞ்சா: 42, 50 பிரிவுகளை எந்தக் கட்டத்தில் கிளப்புவது?

வைகைக்கரை:
வணக்கம். என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) வழக்கு ஒன்றில் சீனியர்களின் கருத்து தேவை. ரகசியத் தகவலின் பேரில் எஸ்.ஐ. ஒருவர் இரவு 8.40-க்குத் தனியார் கார் ஒன்றை ரோட்டில் மறித்திருக்கிறார். டிக்கியில் 10 பொட்டலம், மொத்தம் 21 கிலோ கஞ்சா. ஓட்டியவரின் பேண்ட் பாக்கெட்டில் 60 கிராம். காரில் இருந்தது 2 பேர். இருவருக்கும் சேர்த்து ஒரே தாளில் 50-ஆம் பிரிவு அறிவிப்பு (மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன் சோதனை கேட்கும் உரிமை); கீழே எஸ்.ஐ.யிடம் "நீங்களே சோதனை செய்துகொள்ளலாம்" என்று இருவரின் கையெழுத்து. மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) சாட்சிகள் இருவரும் போலீஸ்காரர்கள். சோதனையே சட்டவிரோதம் என்று ஜாமீன் கேட்கலாமா, அல்லது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528-இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கு ரத்து மனுவா?

கறுப்புக் கோட்:
முதலில் பாக்கெட்டையும் டிக்கியையும் தனித்தனியாகப் பாருங்கள். 50-ஆம் பிரிவு உடல் சோதனைக்கு மட்டும்தான். இருவருக்கும் ஒரே தாளில் சொன்னது செல்லாது. உரிமையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று பர்மானந்த் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாஜிஸ்திரேட், கெசட்டட் அதிகாரி தவிர மூன்றாவதாக ஓர் ஆளை விருப்பமாக நீட்டியதும் அதில் தவறு என்றே சொல்லப்பட்டது. ஆனால் இதனால் அடிபடுவது அந்த 60 கிராம் மட்டுமே. பல்ஜிந்தர் சிங் (2019), ரஞ்சன் குமார் சத்தா (2023) தீர்ப்புகளுக்குப் பிறகு, உடல் சோதனையில் நடந்த பிழையைக் காட்டி வண்டியிலோ பையிலோ எடுத்ததைத் தள்ள முடியாது. 50-ஐ மட்டும் நம்பி இறங்கினால் 21 கிலோ அப்படியே நிற்கும்.

செஷன்ஸ் பக்கம்:
இந்த வழக்கின் உயிர், தகவலின் பேரில் வாரண்டு இல்லாமல் சோதிக்கும் முறையைச் சொல்லும் 42-இல் இருக்கிறது. பொது ரோட்டில் பிடித்தோம், பொது இடச் சோதனைக்கான 43 தான் பொருந்தும் என்று அரசுத் தரப்பு சொல்லும். 43-இன் விளக்கத்தில் வருவது பொதுப் போக்குவரத்து வாகனம். தனியார் கார் அதில் வராது. பூட்டா சிங் வழக்கில் (2021) ரோட்டில் நின்ற தனியார் ஜீப்புக்கு 42 தான் என்று சொல்லி விடுதலை செய்தார்கள்.

ஆகவே மூன்று தாள்களைத் தேடுங்கள். தகவலை எழுத்தில் பதிந்தது. அதன் நகல் 72 மணி நேரத்துக்குள் உடனடி மேலதிகாரிக்குப் போனது, அவர் பெற்றுக்கொண்ட நேரத்தோடு. சூரியன் மறைந்த பிறகு சோதனை என்பதால், வாரண்டு வாங்கப் போனால் சரக்கு கைமாறிவிடும் என்று நம்பியதற்கான காரணக் குறிப்பு. கர்னைல் சிங் (2009) அரசியல் சாசன அமர்வின்படி, தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் இருந்தால் போதும். அடியோடு செய்யாமல் விட்டால் மன்னிப்பில்லை. உங்கள் குறுக்கு விசாரணை "தாமதம்" என்பதில் நிற்கக் கூடாது, "அனுப்பவே இல்லை" என்பதை நோக்கிப் போக வேண்டும். மேலதிகாரியைச் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். டி.எஸ்.பி. போன்ற கெசட்டட் அதிகாரியே 41-இன் கீழ் நேரில் சோதனை செய்திருந்தால் இந்த வாதம் எடுபடாது.

வைகைக்கரை:
நன்றி. மேலதிகாரிக்குப் போன நகலில் தேதி இருக்கிறது, நேரம் இல்லை. மகஜரின் தலைப்பில் குற்ற எண் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். பதிவு நேரம் இரவு 11.30, மகஜர் முடித்த நேரம் 10.15.

குறுக்கு விசாரணை:
அந்தக் குற்ற எண் பெரிய விஷயம். 11.30-க்குப் பிறந்த எண் 10.15-க்கு முடித்த மகஜரில் எப்படி வந்தது? மை, கையெழுத்து, இடைவெளி ஆகியவற்றை மூலத்தில் பாருங்கள்; ஜெராக்ஸில் தெரியாது. பிற்பாடு சேர்த்தோம் என்பார்கள். யார், எப்போது, எங்கே வைத்து என்று விடாமல் கேளுங்கள்.

அடுத்தது எடை. கஞ்சாவில் வணிக அளவு என்பது 20 கிலோவுக்கு மேல். 20 கிலோ சரியாக இருந்தால் வணிக அளவு ஆகாது. 21 கிலோ பிளாஸ்டிக் சுற்று, டேப், சாக்கோடு சேர்த்தா? 52ஏ-வின் கீழ் மாஜிஸ்திரேட் முன் எடுத்த பட்டியலில் நிகர எடை என்ன? பூ, காய் நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் கஞ்சா கணக்கில் வராது. 20-க்குக் கீழே வந்தால் 10 வருடக் குறைந்தபட்சத் தண்டனையும் 37-இன் ஜாமீன் தடையும் விலகும். ஒரு மனிதரின் பத்து வருடம் தராசு முள்ளில் இருக்கிறது. இதைக் கேட்காமல் விடவே கூடாது. மாதிரி எடுத்ததைச் சம்பவ இடத்திலேயே முடித்திருந்தால் அது மாஜிஸ்திரேட் முன் மாதிரி எடுக்கச் சொல்லும் 2022 விதிகளுக்கு விரோதம்; ஆனால் பாரத் ஆம்பளே தீர்ப்புக்குப் (2025) பின் 52ஏ மீறல் மட்டுமே விடுதலை தராது, மற்ற ஓட்டைகளோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

போலீஸ் சாட்சிகள் என்பது மட்டும் போதாது. அக்கம்பக்க ஆட்களை அழைக்க முயன்றார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு நகருங்கள்.

கறுப்புக் கோட்:
528-இல் போனால் "விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றே பெரும்பாலும் வரும். சட்டவிரோதச் சோதனையில் கிடைத்தது என்பதாலேயே சாட்சியம் தள்ளுபடியாகாது என்பது பூரன்மல் (1974) தொட்டு நிற்கும் நிலை. ஜாமீன் மனுவில் 42 மீறலையும் நிகர எடையையும் 37-க்குள் அடக்கி வையுங்கள், தனி வாதமாக வேண்டாம்.

2024 ஜூலை 1-க்குப் பிந்தைய சோதனை என்றால் பி.என்.எஸ்.எஸ். 105-இன்படி வீடியோ இருக்க வேண்டும். நகல் கேட்டு மனு போட்டு, வீடியோ நேரத்தை மகஜர் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்டேஷன் சி.சி.டி.வி., பொது நாட்குறிப்பு, அந்த எஸ்.ஐ.யின் செல்போன் டவர் விவரம் ஆகியவற்றைப் பாதுகாக்க உத்தரவு கேட்டு இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள். சாட்சி கூண்டில் ஏறிய பிறகு கேட்டால் "அழிந்துவிட்டது" என்ற பதில்தான் வரும்.