எஃப்.ஐ.ஆர். போட 3,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கெடிலக்கரை:
எனக்குக் கடலூர் முதுநகர். அம்மா விடியற்காலை துறைமுகத்தில் மீன் எடுத்து, எக்ஸ்எல் வண்டியில் நெல்லிக்குப்பம் வரை தெருத்தெருவாகப் போய் விற்பவர். 12 நாளுக்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் அந்த வண்டி திருடு போனது. அன்றே புகார் கொடுத்தோம், சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். இன்ஷூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். நேற்று காலையிலிருந்து அம்மா ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறார். மதியம் கூப்பிட்டு "பேப்பர் செலவு" என்று 3,000 கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும், "தள்ளி நில்லு, மீன் நாத்தம் தாங்கல" என்று ஒருமையில் பேச்சு. அறுபது வயது அவருக்கு. எனக்கு மனசு ஆறவே இல்லை. அம்மாவோ, "கொடுத்துடுப்பா, வண்டி இல்லாம பொழப்பு ஓடல" என்கிறார். கொடுக்கலாமா, வேறு வழி உண்டா?

உப்பனாறு:
கொடுக்காதீர்கள் தம்பி. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கு வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, இந்த மாதிரித் திருட்டில் முதற்கட்ட விசாரணைக்கு 14 நாள் எடுக்கலாம், அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். வாங்கினார்களா என்று கேளுங்கள். நகல் இலவசம். எஸ்.பி.க்குத் தபாலில் மனு அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்.

அப்புறம், அம்மாவைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள். 1993-ல் கம்மாபுரம் ஸ்டேஷனில், போலீஸ் காவலில் ராஜாக்கண்ணுவைப் ('ஜெய் பீம்' படம் சொன்னது அவர் கதைதான்) பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது.

வில்லியனூர்:
லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டாலும், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று 7 நாளுக்குள் சொல்லிவிட்டால் கொடுத்தவர் மேல் குற்றம் வராது. போலீஸ் மேல் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு 2013-ல் போட்ட சட்டம் உள்துறைச் செயலாளரையே அதற்குத் தலைவராக்கியது. போலீஸ் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே போலீஸைப் பற்றி முறையிடுவதா? எனக்கு இதில் இன்றும் கோபம்தான்.

கெடிலக்கரை:
நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். பணம் கொடுக்கவில்லை. எஸ்.பி.க்கு மனு எழுதி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மீன் நாத்தம்னு சொன்னதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். நாளை லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போகிறேன்.