கெடிலம் ஆற்றில் ஆகாயத்தாமரை அள்ள ஒரு மிதவை, கொஞ்சம் உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறான். நாலு நீல டிரம்மைக் கட்டி மிதவையாக்கி, முன்னால் கோழிவலையைச் சைக்கிள் செயினில் சுற்றவிட்டு, ஆகாயத்தாமரையை வாரி மேலே ஏற்றுகிற மாதிரி ஒன்று செய்திருக்கிறான். ஏன் என்று கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கெடிலத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன ஞாயிறு எங்கள் ஊர்க் குட்டையில் இறக்கினோம். பத்து நிமிஷம் ஜோராக ஓடியது. அப்புறம் அந்தக் கறுத்த குஞ்சம் மாதிரி வேர் இருக்கிறதே, அது சீப்பில் முடி சுற்றுவது போல அச்சில் சுற்றிக்கொண்டு, பழைய லாரியில் கழற்றிய வைப்பர் மோட்டார் புகைந்தேவிட்டது. செடியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், கனம் தாங்கவில்லை.

பழைய பேட்டரி ஆட்டோ மோட்டார் யாரிடமாவது இருந்தால் நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்கிறோம். வேர் சுற்றாமலிருக்க முன்னால் கத்தி வைக்கலாம் என்கிறான் பையன். எனக்குத்தான் பயம், அறுந்த துண்டு மிதந்து போய் வேறு இடத்தில் தழைத்துவிடும், தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகக்கூடியது. வெல்டிங், பட்டறை அனுபவம் உள்ளவர்கள் வேறு வழி சொல்லுங்கள்.

ஆற்றில் இறக்க நீர்வளத்துறையில் யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? அள்ளியதை மட்கவைக்க இடம் தருபவர்களும் சொல்லவும். மாட்டுக்குப் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள், சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்தது.