மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுவண்டிக் கடை: மறக்க முடியாத அனுபவம் உண்டா?

துறைமுகத்தான்
சென்னை செகண்ட் லைன் பீச் ரோட்டு அத்தோவை, அதாவது கையால் பிசைந்து தருகிற பர்மா நூடுல்ஸைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு இடைவேளை அரை மணி நேரம். அன்று அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவரை அழைத்துப் போயிருந்தேன். வண்டிக்காரர் கையால் பிசைவதைக் கண்டு அவர் முகம் சுளித்தார். நான் அவசரப்பட்டு, "கரண்டியால் கலந்து தாருங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டேன். பெரியவர் பதில் பேசவில்லை. சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவினார். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். பிறகுதான் கரண்டியைத் தொட்டார். புளித்தண்ணீர் நூடுல்ஸில் ஏறாமல் தட்டின் அடியிலேயே நின்றது. கேட்காமலே வாழைத்தண்டு சூப் ஊற்றுகிறவர், அன்று ஊற்றவில்லை. 1960களில் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்களின் கைப்பக்குவம் அது. மூன்று வாரமாக அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

லேத் பட்டறை
கரண்டி கேட்டதில் என்ன குற்றம்? சாப்பிடுகிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. நல்ல வியாபாரி அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். கிண்டி தொழிற்பேட்டையில் கலவை சாதம் விற்கிற அக்காவிடம் ஒருநாள் தாமதமாகப் போனேன். தயிர் சாதம்தான் மிச்சம். மூடியைத் திறந்து முகர்ந்தவர், "வேண்டாம் தம்பி, புளித்துவிட்டது" என்று மூடிவிட்டார். உள்ளே அரை அன்னக்கூடைச் சோறு இருந்தது. அன்றைய லாபமே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நலம் விரும்பி
எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, மூன்று மணிக்கு மேலதிகாரி முன்னால் வாந்தி எடுத்தவன் நான். அதனால் சொல்கிறேன், முகர்ந்து பார்ப்பதை நம்பாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, வாடையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். ஆவி பறக்கிற பாத்திரத்திலிருந்து வாங்குங்கள். தேங்காய்ச் சட்னியைத் தவிருங்கள். தட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்தால் வாழை இலை கேளுங்கள். அந்தத் தாள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

தி.நகர் தங்கை
பன்னிரண்டரைக்கா? துணிக்கடையில் எங்களை முறை வைத்துத்தான் அனுப்புவார்கள், என் முறை வருவதற்கு இரண்டரை ஆகிவிடும். ஆறிய சோறுதான் கிடைக்கும். கடை ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021இல்தான் வந்தது. அதற்கு முன்பு காலை முதல் நின்றபடியே வேலை. ஒருநாள் சாம்பார் சாதத் தட்டோடு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றேன். கடைக்கார அம்மா தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே அடுத்தவருக்குப் பரிமாறப் போய்விட்டார். முக்காலி சூடாக இருந்தது.