மாலையானால் "வீட்டுக்குப் போகணும்" என்கிறார் அம்மா

அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் என்ற மறதி நோய் உறுதியாகி 2 ஆண்டுகள் ஆகின்றன. கூட இருந்து பார்ப்பது நான் மட்டும்தான்.

3 மாதமாக மாலை 5 மணியானால் பதற்றம் தொடங்கிவிடுகிறது. துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்குப் போகிறார். இருப்பதே அவருடைய சொந்த வீடுதான். தடுத்தால் கையை ஓங்குகிறார், "யாரு நீ?" என்கிறார். இரவு 10 மணி வரை இதே கதை. காலையில் பார்த்தால் சாதுவாக இருப்பார்.

சிறுநீர்த் தொற்று, தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை. மறதி நோய்க்கான டோனெபெசில் மாத்திரை பழைய அளவிலேயே தொடர்கிறது. பகல் தூக்கத்தைக் குறைத்தேன், இருட்டும் முன்பே விளக்கைப் போடுகிறேன். கொஞ்சம் பலன். "இதுதாம்மா உன் வீடு" என்று விளக்கப் போனால் மட்டும் எரிகிற தீயில் எண்ணெய்.

பராமரிப்பாளர் பயிற்சி ஒன்றிலும் சேர்ந்தேன். எல்லாம் ஆங்கிலத்தில். அம்மாவுக்கோ இப்போது தமிழ் தவிர வேறு மொழி நினைவில்லை. அங்கே கற்றுக்கொடுத்த வாக்கியங்களைத் தமிழாக்கிச் சொன்னால் எனக்கே நாடகம் மாதிரி இருக்கிறது. உறவினர்கள், "வயசானா அப்படித்தான்" என்பதோடு சரி.

அந்த நேரத்தில் வாதாடாமல் கவனத்தைத் திருப்ப, உங்கள் வீட்டில் எந்தப் பேச்சு, எந்த வேலை கைகொடுத்தது?