இன்ஜினில் ஆயில் பிரஷர் விழுகிறதா? பெரிய ஆயில் பம்ப் போட்டால் சரியாகிவிடுமா? அவரவர் அனுபவம்

எஸ்டீம், சென்னை:
பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே தயார் செய்தேன். 1298 சிசி இன்ஜின். கேம், வால்வ் ஸ்பிரிங் மாற்றியதில் 7,500 ஆர்பிஎம் வரை இழுக்க ஆரம்பித்தது. அப்புறம் ஒரு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டினேன். அன்றோடு நிம்மதி போயிற்று. நேர்ப்பாதையில் 60 பிஎஸ்ஐ காட்டும் முள், சி1 வளைவில் பாதி போனதும் 20க்குச் சரியும். வளைவை விட்டு வெளியே வந்தால் மறுபடி ஏறும்.

பம்ப்தான் போதவில்லை என்று நானே முடிவு கட்டினேன். இதில் பம்ப் பிளாக்கின் முன்பக்கம் இருக்கிறது, கிராங்கோடு (இன்ஜினின் பிரதான சுழல் தண்டு) நேரடியாகச் சுற்றும். டைமிங் பெல்ட், சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) எல்லாம் கழற்றினால்தான் கை போகும். இரண்டு நாள் வேலை. பிரஷர் கூடட்டும் என்று ரிலீஃப் வால்வ் ஸ்பிரிங்குக்கு அடியில் 2 மி.மீ. வாஷர் வைத்து மூடினேன். ஸ்டார்ட் செய்ததும் கேஜில் 75. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். டிராக்கில் போய்ப் பார்த்தால் நேர்ப்பாதையில் 75, சி1-ல் அதே 20!

மூன்றாவது செஷனில் தட்டல் சத்தம் வந்தது. பிரித்தால் ஒரு கனெக்டிங் ராட் பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது.

ரிலீஃப் வால்வ் என்பது பிரஷர் அளவு மீறினால் திறந்து, மிச்ச ஆயிலைத் திருப்பிவிடும் கதவு. ஸ்பிரிங்கை இறுக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், அவ்வளவுதான். பிரஷர் விழும்போது அது ஏற்கெனவே மூடித்தானே கிடக்கிறது? வளைவில் ஆயில் முழுக்கச் சம்பின் ஓரத்துக்கு ஏறிவிட, உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கிறது. பம்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது காற்றைத்தான் தள்ளும். கடைசியில் லேத் பட்டறையில் கொடுத்து சம்புக்குள் தடுப்புத் தகடுகள் வெல்டிங் வைத்தேன், ஆயில் கொள்ளளவையும் அரை லிட்டர் கூட்டினேன். வாஷரைத் தூக்கிப் போட்டாயிற்று. இப்போது சி1-ல் முள் 50க்குக் கீழே வருவதில்லை.

ஈகே சிவிக், ஷா ஆலம்:
அண்ணே, என் கதை வேறு மாதிரி. எனக்குப் பம்பே உடைந்தது. என் ஹோண்டா சிவிக்கில் பி16ஏ இன்ஜின், கம்பெனி ரெட்லைன் (தாண்டக் கூடாத ஆர்பிஎம்) 8,200. நான் 8,800 வரை ஏற்றி வைத்திருந்தேன். அதோடு அழகுக்காக ஒரு லைட்வெயிட் கிராங்க் புல்லியும் போட்டேன். அதுதான் தப்பு. ஒரிஜினல் புல்லியில் இருக்கும் ரப்பர் வளையம் சும்மா இல்லை, கிராங்கின் முறுக்கு அதிர்வை அதுதான் வாங்கிக்கொள்கிறது. அதைக் கழற்றிவிட்டால் அந்த உதறல் நேராகப் பம்ப் கியருக்குப் போகும். கம்பெனி கியர் உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது, அடி தாங்காது. செப்பாங் ரேஸ் டிராக்கில் ஆர்பிஎம் லிமிட்டரில் இரண்டு தடவை முட்டியதும் ஆயில் லைட் எரிந்தது. உடனே அணைத்தேன், ஆனாலும் கிராங்க் தப்பவில்லை. கியர் நான்கு துண்டு.

அடுத்த இன்ஜினில் பில்லட் ஸ்டீல் (முழு ஸ்டீல் கட்டியில் கடைந்த) கியர் போட்டேன். கூடவே ரப்பர் வைத்த பழைய புல்லியும் திரும்ப வந்தது. என்னைக் கேட்டால் கியரைவிட அந்தப் புல்லிதான் முக்கியம்.

ஆர்32, சிட்னி:
நீங்கள் இருவரும் சொல்வது இரண்டும் என் நிசான் ஸ்கைலைன் ஆர்32-ன் ஆர்பி26 இன்ஜினில் உண்டு. ஆரம்பகால ஆர்32 கிராங்கில் பம்பைப் பிடித்துச் சுற்றும் பகுதி அகலம் குறைவு, பின்னர் நிசானே அதை அகலமாக்கியது. பழைய கிராங்க் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியில் அகலமான காலர் (உலோக வளையம்) ஏற்றாமல் அதிக ஆர்பிஎம் போக வேண்டாம்.

ஆனால் என் எஞ்சின் போனது நல்ல பம்ப் போட்ட பிறகு. அதிகம் தள்ளும் பம்ப், ஹெட்டுக்கும் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) அதிகம் தள்ளியது. மேலே போன ஆயில் அதே வேகத்தில் கீழே இறங்கவில்லை. நீண்ட சுற்றுகளில் ஆயில் முழுக்க ஹெட்டில் தேங்கி, சம்ப் காய்ந்துவிட்டது. ஹெட்டுக்குப் போகும் இரண்டு வழிகளில் ஒன்றை அடைத்து, மற்றதில் சுமார் 1.5 மி.மீ. துளை வைத்த ரெஸ்ட்ரிக்டர் போட்ட பிறகுதான் அடங்கியது. பம்ப் வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை, செலவும் அற்பம்.

எஸ்டீம், சென்னை:
சிவிக் தம்பி, நானும் போன மாதம்தான் அலுமினியம் புல்லி ஒன்று ஆர்டர் பண்ணினேன். பெட்டியைப் பிரிக்கவில்லை. திருப்பி அனுப்புகிறேன்.